சாம்பல் ரோட்டுக்கு ஏற்ற எண்ணெய்

9 ஜனவரி 2001, செவ்வாய்

இன்றும் செயின் கழன்றுவிட்டது. பாலம் இறங்கி, சாம்பல் ஏரி ரோட்டில் பாதி தூரம் போன பிறகு. எர்ணாவூரில் எங்கள் வீட்டு வாசலில் கழன்றால் என்ன? அத்திப்பட்டில் நான் வேலை செய்கிற கரி யார்டு கேட்டில் கழன்றால் என்ன? அங்கெல்லாம் கழலாது. ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் போகிற குழாய், இன்னொரு பக்கம் சீமைக்கருவேல முள், நடுவில் ஒரு டீக்கடைகூடக் கிடையாது. அங்கேதான் சனியன் கழலும்.

கையெல்லாம் கருப்பு. அதே கையோடு யார்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதினேன். கரி கூட்டுகிற சீனியம்மாள் அக்கா பார்த்துவிட்டு, "நாங்க கரியில வேலை செய்றோம், நீ பேனாவுல வேலை செய்ற. உன் கை ஏன்டி எங்க கைய வுட கருப்பா கீது?" என்றாள்.

சாயங்காலம் நிலவன் அண்ணன் செயினைப் பார்த்தான். அவன் வேலை செய்கிற திருவொற்றியூர் மெக்கானிக் கடையிலிருந்து ஒரு பாட்டில் பழைய எஞ்சின் ஆயில் கொண்டுவந்திருந்தான். வண்டிகளிலிருந்து வடித்தது, தார் போலக் கருப்பு. செயின் முழுக்க ஊற்றினான். தரையில் குளம். "வண்டிக்கும் வயிறு கீதும்மா. ரொம்பினாத்தான் ஓடும்" என்றான். அம்மா தரையைப் பார்த்துத் திட்ட, அவன் சிரித்தான். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

12 ஜனவரி, வெள்ளி

அண்ணன் ஊற்றிய ஆயில் அதற்குள் சேறாகிவிட்டது. புகைபோக்கியிலிருந்து விழுகிற சாம்பல், ஏரியிலிருந்து காற்றில் வருகிற சாம்பல், எல்லாம் அதில் ஒட்டிக்கொள்கிறது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநற என்கிறது. செயினுக்கு எண்ணெய் போட்டோமா, அரம் போட்டோமா? இன்றும் கழன்றது.

17 ஜனவரி, புதன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

சாயங்காலம் வேலை விடுகிற சங்கு ஊதியதும் எண்ணூர்ப் பக்கம் போகிற சைக்கிள்காரர்கள் கூட்டமாகக் கிளம்புவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் போவேன். செயின் கழன்றால் நான் மட்டும் நின்றுவிடுவேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவரவர்க்கு வீடு போகிற அவசரம். இன்று குனிந்து மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு டி.வி.எஸ். ஐம்பது வந்து நின்றது. எங்கள் யார்டு சூப்பர்வைசர் சுப்புராஜ். கல்யாணமாகிப் பிள்ளைகுட்டி உள்ளவர், தெற்கத்திப் பேச்சு.

"செயின் கழண்டுட்டா? தள்ளு புள்ள, நான் மாட்டித் தாரேன்" என்று குனிந்தார். செயினில் வைக்க வேண்டிய கையை என் இடுப்பில் வைத்தார்.

வைத்தான். இனி அவனுக்கு என்ன ‘ஆர்’ மரியாதை.

கருப்புக் கையை அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். "எங்கண்ணன் யார்னு தெரியுமா? எர்ணாவூர் நிலவன். கேட்டுப் பாரு" என்றேன். அவனுடைய வெள்ளைச் சட்டையில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அதை நினைத்துக்கொண்டே வீடு வரை மிதித்தேன்.

22 ஜனவரி, திங்கள்

கேட்டுப் பார்த்திருக்கிறான்.

"விசாரிச்சேன். உங்க அண்ணன் பெயில்ல இருக்கானாம்லா? தெனமும் பத்து மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்தாம்லா? அவன் என்னை மெரட்டுனான்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பெயில் போச்சு." சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த லாரி சீட்டுகளை வாங்கிக்கொண்டு போனான்.

நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வருஷம் குழாயடியில் அம்மாவைப் பிடித்துத் தள்ளியவனை அண்ணன் சைக்கிள் செயினால் அடித்துத் தோள் எலும்பை உடைத்தான். அந்தக் கேஸ்தான் இன்னும் நடக்கிறது. அண்ணன் காதில் இது விழுந்தால் சுப்புராஜ் செத்தான். அவன் சாகட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. அண்ணன் மறுபடி உள்ளே போனால் அம்மா தாங்க மாட்டாள், நானும் தாங்க மாட்டேன். ஆகவே அண்ணனுக்குத் தெரியக் கூடாது. அதற்கு ஒரே வழி, அந்த ரோட்டில் நான் நிற்கக் கூடாது. அதற்கு ஒரே வழி, செயின் கழலக் கூடாது.

ஒரு பெண்ணின் மானம் சைக்கிள் செயினில் வந்து நிற்கிறது. தூ.

6 பிப்ரவரி, செவ்வாய்

கழன்றது. வந்தான். கையைப் பிடித்தான். மணிக்கட்டைக் கடித்தேன், ரத்தம் வரும்வரை விடவில்லை. மற்றக் கையால் அறைந்தான். ஹேண்டில் பாரில் வாய் மோதி உதடு கிழிந்தது. லாரி ஒன்று வந்ததால் போய்விட்டான்.

வீட்டில் அம்மா அலறினாள். "செயின் கழண்டு விழுந்துட்டேன்" என்றேன்.

அண்ணன் எழுந்தான். வெளியே போய் சைக்கிளை எட்டி எட்டி உதைத்தான். பெடல் வளைந்துபோயிற்று. பிறகு அவனே உட்கார்ந்து அதை நிமிர்த்தினான். பிறகு பாட்டிலைக் கவிழ்த்து மறுபடியும் கருப்பு ஆயிலை ஊற்றினான். கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் ஆயில். அதற்குப் பிறகு எப்படி அவனிடம் ஊற்றாதே என்று சொல்வது?

7 பிப்ரவரி

உதடு வீங்கிச் சோறு இறங்கவில்லை. சுப்புராஜைக் குழாயோடு கட்டிவைத்துச் சாம்பலை வாயில் கொட்ட வேண்டும் என்று நாள் பூராவும் நினைத்துக்கொண்டே இருந்தேன். எதிரில் வந்து சீட்டு வாங்கினான். கொடுத்தேன்.

13 பிப்ரவரி, செவ்வாய்

அண்ணன் எழும் முன்னே எழுந்து, அம்மாவின் ஸ்டவ்வுக்கு வைத்திருக்கும் ரேஷன் மண்ணெண்ணெயில் செயினைக் கழுவினேன். அடியில் தங்கிய மண்டியைப் பார்க்க வேண்டுமே, குழம்பு வைக்கலாம். கழுவிய பிறகு தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயைத் தடவினேன். காலையில் நன்றாகத்தான் ஓடியது. சாயங்காலத்துக்குள் சாம்பலோடு சேர்ந்து பிசின். பக்கத்து வீட்டு நாய் வந்து செயினை நக்கிவிட்டுப் போனது. அதற்காவது பயன்பட்டதே.

19 பிப்ரவரி

எண்ணெயே வேண்டாம், மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு அப்படியே ஓட்டினால்? ஓட்டினேன். சாம்பல் ஒட்டவில்லை. ஆனால் கடல் காற்று விடுமா? இரண்டாம் நாளே செயின் செங்கல் நிறம். கீச் கீச்சென்று ஊரைக் கூட்டுகிறது. நான் வருவது அவனுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கமே கேட்கும்.

28 பிப்ரவரி, புதன்

அண்ணன் கிரீஸ் கொண்டுவந்தான். "இது எங்கியும் போவாதும்மா. பேரிங்குக்கே இதான்." கை நிறைய அப்பினான். சாயங்காலம் செயின் இருந்த இடத்தில் சாம்பல் உருண்டை. கழன்றது மட்டும் இல்லை, மாட்டவும் முடியவில்லை. தள்ளிக்கொண்டே ஓடினேன். பின்னால் சுப்புராஜ் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தான். ஒன்றும் செய்யவில்லை. சும்மா பின்னாலேயே வந்தான். அறைந்த நாளைவிட இது மோசம்.

இவனுக்குச் சாவு வராதா?

14 மார்ச், புதன்

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் துணி தைக்கிற பவுனம்மாள் அக்காவிடம் ரவிக்கை வாங்கப் போனேன். மிஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, ரவிக்கையை எடுக்காமல் ஒரு பழந்துணியை வைத்துக் கடகடவென்று வெறுமனே தைத்தார்கள். ஏன் அக்கா என்று கேட்டேன். "எண்ண உள்ள கீறதுதான் மிஷினுக்கு. வெளிய கீறது துணிக்குக் கேடு. அத மொதல்ல கந்தலுக்குக் குடுத்துடணும்."

உள்ளே இருப்பதுதான் மிஷினுக்கு!

ரவிக்கையை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்தேன். நாங்கள் எல்லோரும் செயினின் வெளியே எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறோம். தேய்வதோ உள்ளே, அந்தச் சின்ன உருளைக்குள்.

17 மார்ச், சனி

இரண்டு நாளாகத் தையல் மிஷின் எண்ணெய். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு. பெடலைப் பின்னால் சுற்றி ஊறவிட்டு, வெளியே இருப்பதைக் கந்தலால் துடைத்து, மறுபடி துடைத்து, வெள்ளைத் துணியில் கறை படாத வரை துடைத்தேன். சத்தமே இல்லை. ஆனால் மெல்லிய எண்ணெய். மறுநாளே வற்றிவிடுகிறது.

கெட்டி எண்ணெய் உள்ளே போகாது. மெல்லிய எண்ணெய் உள்ளே தங்காது. அப்புறம்?

24 மார்ச், சனி

கிடைத்துவிட்டது! அண்ணன் கடையில் லாரிக்காரர்கள் வாங்குகிற தொண்ணூறு நம்பர் கியர் ஆயில், புதுசு. அதில் பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய். கலந்தால் தண்ணீர் மாதிரி உள்ளே ஓடுகிறது. வெயிலில் வைத்தால் மண்ணெண்ணெய் பறந்துவிடும், கெட்டி எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் துடை, துடை, துடை. வெளியே காய்ந்த செயின். சாம்பலுக்கு ஒட்ட இடம் கிடையாது.

பழைய செயின் தேய்ந்து நீண்டுபோயிருந்ததால் புதுசு வாங்கி மாட்டினேன். பழையதையும் அதே மாதிரி கழுவி, எண்ணெய் விட்டு, துடைத்து, சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியாது.

தெரியும்.

6 ஏப்ரல், வெள்ளி

இரண்டு வாரம். ஒரு தடவைகூடக் கழலவில்லை. சங்கு ஊதியதும் கூட்டத்துக்கு நடுவில் போய்ச் சேர்ந்துகொள்கிறேன். நெட்டுக்குப்பத்து இன்னாசி அண்ணன், "இன்னா மாயா, வண்டில மோட்டார் கீட்டார் வச்சிகினியா?" என்று கேட்டார். சுப்புராஜ் பின்னால் வருகிறான், ஹாரன் அடிக்கிறான், கூட்டத்தைப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டு போகிறான். போடா டேய்.

அண்ணன் இன்னமும் ஞாயிறு தவறாமல் கருப்பு ஆயில் ஊற்றுகிறான். திங்கள் விடியலில் நான் கழுவிவிடுகிறேன். "பாத்தியா, என் ஆயிலுக்கு எப்டி ஓடுது" என்கிறான். ஆமாண்ணா என்கிறேன்.

7 மே, திங்கள்

புத்த பூர்ணிமா. அம்மா வெள்ளைப் புடவை கட்டிப் பாயசம் வைத்தாள். வியாசர்பாடியிலிருந்து பீம்ராவ் மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். விளக்கின் முன் உட்கார்ந்து எந்த உயிருக்கும் தீங்கு நினையேன் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னோம். நானும் சொன்னேன். பொய். ஒரு உயிருக்கு நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன். மன்னிக்க முடிந்தவர்கள் மன்னிக்கட்டும்.

4 ஜூன், திங்கள்

"இனிமே நீ எல்லாருக்கும் முந்தி வந்து எடை மேடையத் தொறக்கணும்" என்றான் சுப்புராஜ். சாவியை என் மேசையில் போட்டான்.

அதாவது காலையில் கூட்டம் கிளம்புவதற்கு முன்னால், நான் மட்டும், அந்த ரோட்டில்.

செயின் கழலாவிட்டால் என்ன, வேறு வழி கண்டுபிடித்துவிட்டான். வேலையை விட்டுவிடலாமா? அண்ணன் ஏன் என்று கேட்பான். முடியாது, அவன் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல இனிமேல் என்னால் முடியாது.

12 ஜூன், செவ்வாய்

யார்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் வரும்.

காலையில் பாலம் இறங்கியதும் பின்னால் அவன் வண்டிச் சத்தம். நான் மிதித்தேன். செயின் கழலவில்லை. என் செயின் கழலவே இல்லை! அவன் பக்கத்தில் வந்து காலால் என் பின் சக்கரத்தை உதைத்தான். சைக்கிளோடு சாம்பல் சேற்றில் விழுந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு வந்து, தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். "செயினுக்கு எண்ணெ போட்டுட்டா தப்பிச்சுருவியோ?" என்றான்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஏன் எண்ணெய் போட்டேன் என்பது இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

பை என் கைக்கு அடியில் கிடந்தது. சோற்று டப்பா திறந்து கொட்டிவிட்டது. அதற்கு அடியில் செயின். ஒரு முனையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டேன். முதல் வீச்சு அவன்மேல் படவில்லை, என் முட்டியிலேயே பட்டது. உயிர் போகிற வலி. அந்த வலியில்தான் எல்லாம் வந்தது என்று நினைக்கிறேன். அடுத்தது அவன் கன்னத்தில். அடுத்தது கையில். அடுத்தது மறுபடியும் முகத்தில். அவன் உட்கார்ந்துவிட்டான். "வேண்டாம் புள்ள, வேண்டாம் புள்ள" என்றான். நானும்தானே சொன்னேன், ஜனவரியில், பிப்ரவரியில்? அடிச்சேன். இன்னும் அடிச்சேன். சத்தம் போட்டுக்கினே அடிச்சேன். இன்னா சொல்லிக் கத்துனேன்னே தெரியல.

போதும் என்று எனக்குத் தோன்றியபோது நிறுத்தினேன். சைக்கிளை நிமிர்த்தினேன். செயின் அதன் பல்லில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஏறி யார்டுக்குப் போய், எடை மேடையைத் திறந்து, லாரி நம்பர் எழுதினேன். நான் எழுதிய ஏழெல்லாம் ஒன்று மாதிரி இருக்கிறது.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். சும்மாவா சொன்னார்கள்.

அதே நாள், சாயங்காலம்

அண்ணன் வீட்டில் இல்லை. பத்து மணிக்குக் கையெழுத்துப் போடப் போனவனை அப்படியே உட்கார வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சுப்புராஜ் சொல்லியிருக்கிறான்: "எர்ணாவூர் நிலவன் சைக்கிள் செயினால அடிச்சான்." ஒரு பெண் அடித்தாள் என்று சொல்ல வெட்கம். அண்ணனுக்கு ஏற்கெனவே செயின் கேஸ் இருக்கிறதே, வசதியாகப் போயிற்று.

அம்மா சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுகிறாள். "என் புள்ள இன்னா தப்பு பண்ணான்? காலைல கஞ்சி குடிச்சிட்டுத்தான போனான்!"

எவன் உள்ளே போகக் கூடாது என்று ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அவன் உள்ளே இருக்கிறான். நான் அடித்ததற்கு.

13 ஜூன், புதன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். அண்ணன் சுவரோரம் குந்தியிருந்தான். உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள், காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. பெஞ்சில் சுப்புராஜ், முகத்தில் பாதி கட்டு. பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் மருந்துப் பை. அவன் பெண்டாட்டி தங்கபுஷ்பம் என்று பிறகு தெரிந்தது.

செயினை எடுத்து எஸ்.ஐ. மேசையில் வைத்தேன். "நான்தான் சார் அடிச்சேன்."

அவர் சிரித்தார். "அண்ணன காப்பாத்த வந்துகிறியா? போம்மா, போய் வூட்ல சோறாக்கு."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை இதில் எழுத மாட்டேன்.

எஸ்.ஐ. பேனாவை எடுத்துக்கொண்டு சுப்புராஜைக் கேட்டார். "சரி, நிலவன் உன்ன இன்னாத்துக்குய்யா அடிச்சான்? காரணம் எழுதணும். சொல்லு." அவன் முகத்துக் கட்டைத் தடவினான். அண்ணனைப் பார்த்து, "இவனத் தெரியுமாடா உனுக்கு?" என்றார்.

"யார்னே தெரியாது சார். இப்பதான் மூஞ்சியப் பாக்குறேன். அதுவும் பாதிதான் தெரியுது" என்றான் அண்ணன். அதற்கும் ஒரு அறை வாங்கினான்.

தங்கபுஷ்பம் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கேக்காங்கல்லா, சொல்லுங்க. எதுக்கு அடிச்சான்?"

அவன் என்னைப் பார்த்தான். என்ன காரணம் சொல்வான்? எந்தக் காரணம் சொன்னாலும் அது என்னிடம்தான் வந்து நிற்கும். அது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

"காரணம் நான் சொல்றேன் சார். ஜனவரிலேர்ந்து சொல்றேன். அக்கா, நீங்களும் கேளுங்க" என்று ஆரம்பித்தேன்.

"சார்!" என்று எழுந்துவிட்டான். "யாரும் அடிக்கல சார். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். செயின் கழண்டு விழுந்துட்டேன்."

என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை. உதடு கிழிந்த அன்று நான் அம்மாவிடம் சொன்ன அதே வார்த்தை.

எஸ்.ஐ. அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையில் கிடந்த செயினைப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். "டி.வி.எஸ். செயின் கழண்டு மூஞ்சிலயா விழுந்துச்சு?"

"ஆமா சார்."

"ஆயில் கீயில் போட மாட்டியாய்யா?"

"போடுறேன் சார்."

அதையே எழுதிக் கையெழுத்து வாங்கினார். "இத எடுத்துக்கோ, உங்கண்ணன இட்டுகினு கெளம்பு" என்று செயினை என் பக்கம் தள்ளினார். தங்கபுஷ்பம் அவன் மணிக்கட்டில் ஆறித் தழும்பாகிப் போன என் பல் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவளிடம் என்ன பொய் சொல்லியிருந்தானோ. மருந்துப் பையை அவன் மடியில் வைத்துவிட்டுத் தனியாக வெளியே போனாள்.

தெருவில் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். கொஞ்ச தூரம் போய் நின்றான். "நீயும் அப்டித்தான சொன்ன? செயின் கழண்டு விழுந்துட்டேன்னு. எத்தினி தபா நெசமா கழண்டுச்சு?"

"எல்லா தபாவும் கழண்டுச்சுண்ணா. விழுந்ததுதான் வேற."

திரும்பி ஸ்டேஷன் பக்கம் நடந்தான். அந்தக் காலோடு ஓடவே பார்த்தான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். "நான் அடிச்சிட்டேன்ண்ணா. உனுக்கு மிச்சம் வைக்கல. வா வூட்டுக்கு." நடு ரோட்டில் குந்தி அழுதான். நான் அழவில்லை. கேஸ் போட்டிருக்க வேண்டும், சுப்புராஜைச் சும்மா விட்டுவிட்டேனே என்று வயிறு எரிந்துகொண்டிருந்தது. இப்போதும் எரிகிறது.

25 ஜூன், திங்கள்

சுப்புராஜ் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டானாம். தங்கபுஷ்பம் அதற்கு முன்பே பிள்ளைகளோடு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

சீனியம்மாள் அக்கா சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனுக்கும் செஞ்சிக்கிறான்டி அவன். எங்கள்ல நெறைய பேருக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பழைய செயின் கீதா? என் பொண்ணு தனியா டியூஷனுக்குப் போவுது" என்றாள்.

சாயங்காலம் அதைக் கழுவி, எண்ணெய் விட்டு, துடைத்து வைத்தேன். நாளை கொடுக்க வேண்டும்.

1 ஜூலை, ஞாயிறு

அண்ணன் வழக்கம்போல் கருப்பு ஆயில் பாட்டிலோடு வந்தான். "வேணாண்ணா" என்றேன். என் கலவையைக் காட்டி, சொட்டு விட்டு, துடைத்துக் காட்டினேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மெக்கானிக் இல்லையா, புரிந்துவிட்டது.

"அப்ப நான் ஊத்துனதாலதான் கழண்டுச்சா?"

"இல்லண்ணா. சாம்பல்."

அவன் நம்பவில்லை. பாட்டிலை எடுத்துப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்து, என் கையிலிருந்து கந்தலை வாங்கினான். கண்ணி கண்ணியாகத் துடைத்தான். அம்மா மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டாள்.

9 ஜூலை, திங்கள்

இன்று சங்கு ஊதியும் கூட்டத்தோடு கிளம்பவில்லை. எல்லோரும் போன பிறகு தனியாகக் கிளம்பினேன். சாம்பல் ஏரி ரோட்டின் நடுவில், எப்போதும் கழலுமே அந்த இடத்தில், இறங்கி நின்றேன். தண்ணீர் குடித்தேன். ஒரு லாரி போனது. செயினை விரலால் தொட்டுப் பார்த்தேன், கறை ஒட்டவில்லை.

பிறகு ஏறி, மெதுவாக மிதித்து வீட்டுக்கு வந்தேன்.